கூரைமேல் ஒட்டிய சூரியன்

ஆஸ்திரேலியாக் கண்டத்தின் வடகோடியில் டார்வின் என்னும் துறைமுகப் பட்டினம் இருக்கிறது, தென்கோடியில் அடிலெய்டு. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். வழியெல்லாம் செம்மண்ணும் புதரும் வெயிலுந்தான். 1987-ஆம் வருஷத்தில் இவ்வழியிலே ஓர் அபூர்வமான மோட்டார்ப் பந்தயம் நடைபெற்றது. பந்தய வண்டிகளுக்குப் பெட்ரோல் கிடையாது. சூரிய வெளிச்சம் ஒன்றே ஆகாரம். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் தயாரித்த 'ஸன்ரேஸர்' என்னும் வண்டி, மணிக்குச் சராசரி 67 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி முதலாவதாக வந்தது. அதற்கு ஐந்து வருஷங்களுக்கு முன்னமே, ஹான்ஸ் தோல்ஸ்ட்ரப் என்பவரும் லாரி பெர்க்கின்ஸ் என்பவரும் சூரிய வண்டி ஒன்றைச் செய்து பெர்த்திலிருந்து ஸிட்னி வரையில் கண்டத்தைக் குறுக்கே கடந்து காட்டியிருந்தார்கள்.

இன்றைக்கு அந்தச் சாலைகளில் வேறு விதமான சூரிய வண்டிகள் ஊர்ந்து கொண்டிருக்கின்றன. இவை பந்தயத்துக்குப் போகிறவை அல்ல. வேனையே வீடாக்கி, அதற்குள்ளேயே சமைத்து, அதற்குள்ளேயே உறங்கி, மாதக்கணக்கில் ஊர் சுற்றுகிறவர்களின் வண்டிகள். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகள், ஒரு வருஷம் லீவு எடுத்துக்கொண்டு குழந்தைகுட்டிகளுடன் கிளம்பியவர்கள், வாடகை வீட்டை விட்டே விட்டவர்கள் என்று பலதிறத்தினர் அவற்றில் உண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்த நாடோடி வாழ்க்கை பரவியிருக்கிறது. இத்தகைய வேன்களின் கூரையை மேலேயிருந்து பார்த்தால், கறுப்புக் கம்பளம் விரித்தது போல் ஒன்றோ இரண்டோ தகடுகள் ஒட்டியிருப்பதைக் காணலாம். ஆங்கிலத்தில் 'சோலார் பானல்' என்பார்கள். நாம் சூரியத் தகடு என்றே அழைப்போம்.

இந்தத் தகடு வண்டியை ஓட்டுகிறது என்று வாசகர்கள் நினைத்துவிட வேண்டாம். ஸன்ரேஸர் ஓர் ஆளை மாத்திரம் சுமந்த, காகிதப் படகு போல் இலேசான வண்டி. குடும்ப வேனோ இரண்டு மூன்று டன் கனமுள்ளது. நெடுஞ்சாலையில் அது ஓடுவதற்குப் பல ஆயிரம் வாட் சக்தி வேண்டும். கூரைத் தகடுகள் தருவது ஐந்நூறு வாட்டுக்கு உட்பட்டதுதான். ஆகையால் ஓட்டுவது எஞ்சினின் காரியம். தகடு செய்வது குடித்தனக் காரியம்: விளக்கு, விசிறி, டெலிபோன், தண்ணீர்ப் பம்பு, எல்லாவற்றுக்கும் மேலாகக் குளிர்ப்பெட்டி. அந்தக் குளிர்ப்பெட்டியில் பாலும் காய்கறியும் மாத்திரம் இருந்தால் கவலை சிறிது. நீரிழிவு நோயாளி ஒருவர் பிரயாணம் செய்தால், மாதக்கணக்குக்கு வேண்டிய இன்சுலின் குப்பிகள் அதற்குள்தான் இருக்கும். திறவாத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி உஷ்ணத்திற்குள் வைத்துக் காப்பாற்ற வேண்டும். அடுத்த ஊர் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கையில் கூரைத் தகடு செத்துப் போனால் அது விளையாட்டுச் சமாசாரம் அல்லவே!

இனி, கடைக்காரர் இரண்டு விதமான தகடுகளை எடுத்து நம் முன் வைக்கிறார். ஒன்று, மாடி வீடுகளில் காணப்படுகிற கண்ணாடித் தகடு; அலுமினியச் சட்டம் போட்டது. நூறு வாட் தகடு ஆறு ஏழு கிலோகிராம் இருக்கும். மற்றொன்று வளையும் தகடு. அதே நூறு வாட். கனமோ இரண்டு கிலோவைச் சுற்றித்தான். பருமன் இரண்டு மூன்று மில்லிமீட்டர். கையில் எடுத்தால் காலண்டர் அட்டை போல் வளைகிறது. சட்டம் இல்லை, திருகாணி இல்லை, கூரையில் துளை போடவேண்டியதில்லை. பின்புறத்தில் பசை தடவி ஒட்டிவிட்டால் தீர்ந்தது. தெருவிலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கும் தெரியாது. யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் வளைவது தகடே யொழிய, அதற்குள் இருக்கிற சிலிக்கன் வளையாது. வெளிச்சத்தை மின்சாரமாக்குகிற சிறு சதுரங்களுக்கு 'ஸெல்' என்று பெயர். 1954-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த சாப்பின், புல்லர், பியர்ஸன் என்னும் மூவர் முதல் முதலாக உபயோகத்துக்குத் தகுந்த சிலிக்கன் ஸெல்லைச் செய்தார்கள். வாங்கிய வெளிச்சத்தில் நூற்றுக்கு ஆறு பங்குதான் அது மின்சாரமாகத் திருப்பிக் கொடுத்தது. இன்று நல்ல ஸெல்கள் இருபது பங்குக்கு மேல் கொடுக்கின்றன. ஆயினும் சாதாரண சிலிக்கன் ஸெல் அன்றும் இன்றும் அப்பளத்தின் ஜாதிதான். ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லாத மெல்லிய வில்லை. பொரித்த அப்பளத்தை இரண்டு வாழை இலைகளுக்கு நடுவே வைத்து மெதுவாக வளைத்துப் பாருங்கள். இலை வளையும், அப்பளம் என்னவாகும் என்று சொல்லவேண்டியதில்லை. தகடு 30 டிகிரி வளையும் என்று விளம்பரத்தில் அச்சிட்டிருப்பதன் பொருள், ஒரே தடவை, ஒரே திசையில், கூரையின் வளைவுக்கு ஏற்ப மெல்ல வளைத்துப் படுக்க வைக்கலாம் என்பதே. பாய் போல் நாள்தோறும் சுருட்டி விரிக்கலாம் என்பதல்ல. மேலே ஏறி நின்றால் ஸெல்லில் மயிரிழை வெடிப்புக் காணும். வெடிப்புக் கண்ணுக்குத் தெரியாது. மின்சாரம் குறைவதிலிருந்துதான் தெரியும். ஸெல்லின் முதுகில் செம்புத் தகடு பதித்த உயர்ந்த ரகங்கள் வெடித்தாலும் மின்சாரத்தை விடாமல் கடத்தும். சிலிக்கனே இல்லாமல் வேறு உலோகக் கலவையைப் படலமாகப் பூசிய தகடுகள் உண்மையாகவே வளைவன. ஆனால் அதே சக்திக்கு அதிக இடம் கேட்கும். வேன் கூரையிலோ இடம்தான் அருமை.

மேற்பூச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலிவான தகடுகளின் மேலே 'பெட்' என்னும் பிளாஸ்டிக் பூசியிருக்கும். சோடா பாட்டில் செய்கிற சரக்குத்தான் அது. சில வருஷ வெயிலில் மஞ்சளித்து மங்கிவிடும். விலை உயர்ந்தவற்றில் 'ஈ.டி.எப்.ஈ.' என்ற படலம் இருக்கும். இங்கிலாந்தில் கார்ன்வால் மாகாணத்தில் 2001-இல் திறந்த ஈடன் தோட்டத்துப் பெருங் குமிழ்களுக்கும், 2008-ஆம் வருஷத்து ஒலிம்பிக் பந்தயத்துக்காகப் பீகிங்கில் கட்டிய நீச்சல் அரங்கத்துக்கும் சுவராக அமைந்தது இந்தப் படலமே. வாங்குகிறவர் இந்தப் பெயரைக் கேட்டு வாங்குவது நல்லது.

இப்போது நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறோம். வளையும் தகட்டுக்குப் பெரிய சத்துரு வளைவு அல்ல, உஷ்ணம். சூரியத் தகடு என்றால் வெயில் ஏற ஏற அதற்குக் கொண்டாட்டம் என்றே பலரும் எண்ணுகிறார்கள். வெளிச்சம் ஏறினால் கொண்டாட்டந்தான். உஷ்ணம் ஏறினால் திண்டாட்டம். தகட்டின் மேல் 'நூறு வாட்' என்று எழுதியிருப்பது, ஸெல்லின் உஷ்ணம் 25 டிகிரியாக இருக்கும்போது பரிசோதனைச் சாலையில் அளந்த கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சக்தியில் நூற்றுக்கு 0.3 முதல் 0.45 வரையில் குறைகிறது. நல்ல வெயிலில் ஸெல் 75 டிகிரிக்குச் சூடேறினால், நூறு வாட் தகடு எண்பது எண்பத்தைந்து வாட் தகடாகி விடுகிறது.

ஏன் அவ்வளவு சூடேறுகிறது? விழுகிற வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. மிச்சத்தில் பெரும் பகுதி உஷ்ணமாய்த் தங்குகிறது. கண்ணாடித் தகட்டைச் சட்டத்தில் ஏற்றிக் கூரைக்கு மேலே நாலு விரற்கடை உயரத்தில் நிறுத்துகிறார்கள். அதன் மேற்புறமும் கீழ்ப்புறமும் காற்று வீசி உஷ்ணத்தை வாங்கிக் கொண்டு போகிறது. வளையும் தகட்டையோ இடைவெளி இல்லாமல் கூரையோடு அப்பிவிடுகிறார்கள். கீழே போக வழி இல்லை. வேனுக்குள் படுப்பவர்களுக்கு வெயில் தெரியாமலிருப்பதற்காகக் கூரையின் உட்புறத்தில் மெத்தை போல் உஷ்ணத் தடுப்பு வேறு அடைத்திருப்பார்கள். மனிதருக்குச் சுகம், தகட்டுக்கு அடுப்பு.

சந்தேகம் உள்ளவர்கள் வீட்டிலேயே பரீட்சித்துப் பார்க்கலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இது நல்ல விடுமுறைப் பாடம். ஒரே அளவுள்ள இரண்டு தகரத் துண்டுகளுக்குக் கறுப்பு வர்ணம் பூசுங்கள். ஒன்றை மொட்டை மாடியில் மடித்த கம்பளியின் மேல் வையுங்கள். மற்றொன்றை நான்கு செங்கல் துண்டுகளின் மேல், அடியில் காற்று ஓடும்படி வையுங்கள். ஒவ்வொன்றின் மேலும் மெழுகுவர்த்தித் துண்டு ஒன்று. உச்சி வேளையில் எந்தத் துண்டு முதலில் இளகிச் சாய்கிறது என்று குழந்தைகள் பார்த்துச் சொல்லட்டும். சுட்ட தகரத்தை விரலால் தொட வேண்டாம் என்று மாத்திரம் முன்கூட்டியே எச்சரித்து விடுங்கள்.

மின்சாரம் கொஞ்சம் குறைவது போகட்டும்; ஆயுள் குறைவதுதான் பெரிய நஷ்டம். பகலில் வெந்து, இரவில் குளிர்ந்து, மறுபடி வெந்து, தகட்டின் படலங்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. ஸெல்களை இணைக்கும் மெல்லிய உலோக நாடாக்கள் களைத்து அறுகின்றன. கண்ணாடித் தகடுகளுக்கு 25 வருஷம் உத்தரவாதம் கொடுப்பது வழக்கம். வளையும் தகடுகளுக்குப் பெரும்பாலும் ஒரு வருஷம் முதல் ஐந்து வருஷம் வரையில்தான். செய்கிறவர்களுக்கே அதற்குமேல் தைரியம் இல்லை என்று வைத்துக் கொள்ளலாம்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். கூரையில் நூறு வாட் தகடுகள் இரண்டு. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் முழு வெயில் என்றால் 1,000 வாட்-மணி. உஷ்ணம், கம்பி, புழுதி ஆகியவற்றின் பங்கைக் கழித்தால் 700. குளிர்ப்பெட்டிக்குச் சுமார் 500, விளக்கு விசிறிக்கு 100. ஆக, செலவு போக நூறு மிச்சம். ஒரு தகடு செத்தால் வரவு 350. செலவு அதே 600. பாட்டரியில் 1,280 வாட்-மணி சேமித்திருந்தாலும் ஐந்து நாளைக்குச் சற்று மேல் போனால் காலி. தகடு செத்தது உடனே தெரியாமல், பாட்டரி காலியானபோது மட்டும் தெரியவருவதுதான் இதில் உள்ள அபாயம்.

ஆகையால் தகட்டை எங்கே வாங்கினோம் என்பதைக் காட்டிலும் அதை எப்படிப் பதித்தோம் என்பதே பெரிது. அநுபவசாலிகள் கையாளுகிற முறை ஒன்று உண்டு. கூரைக்கும் தகட்டுக்கும் நடுவே, உள்ளே வரிசையாகக் குழல்கள் ஓடுகிற இரட்டைச் சுவர்ப் பாலிகார்பனேட் பலகையை வைக்கிறார்கள். தாழ்வாரங்களுக்குக் கூரையாகப் போடும் அதே பலகைதான். ஆறு மில்லிமீட்டர்ப் பலகை சதுர மீட்டருக்கு ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று அதிகம். கனம் கூடிவிட்டது என்று சொல்ல முடியாது. குழல்கள் வண்டியின் முன்பின்னாக ஓடவேண்டும். அவற்றின் வாய்களைப் பசையால் அடைத்துவிடக் கூடாது. வண்டி ஓடும்போது காற்று உள்ளே புகுந்து பின்னால் வெளியேறும். நின்றாலும் கொஞ்சமேனும் ஓடும். கண்ணாடித் தகட்டின் அடியில் கிடைக்கிற காற்றோட்டத்துக்கு இது ஈடாகாதுதான். ஆயினும் ஒட்டியே வைப்பதைவிட எவ்வளவோ மேல். வெறும் இடைவெளி விட்டு, அடியில் தாங்கல் இல்லாமல் தகட்டைக் கட்டி வைப்பதும் தவறு. ஓட்டத்தில் படபடவென்று அடித்துக்கொண்டு அப்பளம் நொறுங்கிப் போகும்.

அடுத்தது பசை. ரெயில் தண்டவாளங்களின் நடுவே இடைவெளி விட்டிருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த நியாயமே இங்கும். ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகு ஐம்பது டிகிரி சூடேறினால் சுமார் 0.6 மில்லிமீட்டர் நீளும். அதே நீளமுள்ள பாலிகார்பனேட் 3 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். கல்லாய் இறுகுகிற பசையைப் போட்டால் ஏதேனும் ஒன்று விட்டுக் கொடுத்தாக வேண்டும். பசை பெயரும், அல்லது தகடு புடைக்கும். இறுகிய பிறகும் ரப்பர் போல் இழுபடுகிற பாலியூரிதேன் பசையை, மூன்று மில்லிமீட்டர்ப் பருமனுக்குக் குறையாமல், வாய்க்கால் வரப்புப் போல் முன்பின்னான கோடுகளாய் இடுவது உத்தமம். இரு புறமும் ஒட்டுகிற நுரை நாடாவும் இருக்கிறது. அது அமுக்கிய உடனே பிடித்துக் கொண்டாலும் முழு வலிமை அடைய 72 மணி நேரம் செல்லும். மூன்று நாள் பொறுக்க மனமில்லாமல் மறுநாளே நெடுஞ்சாலையில் கிளம்புகிறவர்கள் உண்டு! இன்னொன்று: பசை பிடிப்பது வண்டியை அல்ல, வண்டியின் வர்ணத்தை. வர்ணம் உப்பியிருந்தால் தகடும் அதனோடு போய்விடும். ஆகையால் கூரையைக் கழுவித் துடைத்து, ஸ்பிரிட்டால் பிசுக்கு நீக்கி, துருப் பிடித்த இடத்தைச் சுரண்டி வர்ணம் பூசிய பிறகே பசைக் குழாயைத் திறக்கவேண்டும்.

இதில் சோம்பல் பட்டால் ஆபத்து நமக்கு மாத்திரம் அல்ல. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 47 கிலோ அளவாகிறது. அரை சதுர மீட்டருக்குச் சற்று அதிகமான தகட்டின் முன்விளிம்பு தூக்கிக்கொண்டு காற்றுக்கு முகம் கொடுத்தால், 27 கிலோ வரையில் இழுப்பு ஏற்படலாம். பிய்த்துக்கொண்டு பறக்கிற தகடு, பின்னால் மோட்டார் ஸைக்கிளில் வருகிறவருக்குக் கத்தி. முன்விளிம்புக்கு முன்னே சரிவான ஓர் அலுமினியப் பட்டை வைத்துக் காற்றை மேலே திருப்பி விட்டு, அதற்கும் கூரைக்கும் நடுவே குழல்களுக்கு மட்டும் வழி விடுகிறவரே கெட்டிக்காரர்.

நிழலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தகட்டில் பெரும்பாலும் 36 ஸெல்கள், கிணற்றிலிருந்து குடத்தைக் கைமாற்றுகிறவர்கள் போல் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஒருவர் கை சோர்ந்தால் வரிசை முழுவதும் நிற்கும். கூரை மேல் இருக்கும் காற்றுப் போக்கியின் நிழல் ஒரு ஸெல்லில் விழுந்தாலும் போதும், அந்த ஸெல் மின்சாரம் கொடுப்பதற்குப் பதிலாக மற்றவற்றின் மின்சாரத்தை வாங்கிச் சூடேறும். அப்படிக் கருகித் துளை விழுந்த தகடுகளும் உண்டு. இதைத் தடுக்கவே தகட்டின் முதுகிலோ ஓரத்திலோ உள்ள சிறு பெட்டிக்குள் டயோடு என்னும் மாற்றுவழி வைத்திருக்கிறார்கள். மலிவுச் சரக்கில் அது பேருக்கு இருக்கும். கம்பியை இணைக்கும்போது முதலில் பாட்டரியைக் கண்ட்ரோலருடன் சேர்த்து, பிறகே தகட்டைச் சேர்க்கவேண்டும். அதுவரையில் தகட்டின் மேல் ஒரு ஜமுக்காளம் கிடக்கட்டும். வெளிச்சம் பட்ட தகட்டுக்கு ஸ்விட்ச் கிடையாது.

நம் நாட்டில் இது நடக்குமா என்று வாசகர்கள் கேட்கலாம். வண்டிக் கூரையில் சூரியத் தகடு நமக்குப் புதிதல்ல. 2017 ஜூலையில் டில்லியில் ஓடவிட்ட ரெயில் ஒன்றின் பெட்டிக் கூரைகளில் சூரியத் தகடுகள் பதித்து, பிரயாணிகளின் விளக்குக்கும் விசிறிக்கும் மின்சாரம் கொடுத்தார்கள். அந்த ரெயில் உருவானது நம் சென்னைப் பெரம்பூர்த் தொழிற்சாலையிலே. சூரியனும் நம் பக்கந்தான். மட்டமாகப் படுத்திருக்கும் தகடு லண்டனில் மார்கழி நண்பகலில் 15 டிகிரி உயரத்துச் சூரியனைச் சாய்வாகப் பார்த்து ஏங்குகிறது. சென்னையிலோ அதே நாளில் சூரியன் 53 டிகிரிக்கு மேல் நிற்கிறான். ஆனால் அதே காரணத்தால் உஷ்ணமும் நமக்கு அதிகம். ஒட்டிய தகட்டின் கஷ்டம் இங்கே இரட்டிப்பு. தவிரவும், வண்டியின் அமைப்பைத் தன்னிஷ்டப்படி மாற்றுவதை 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019-இல் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பசைக் குழாய் வாங்குவதற்கு முன்னால் வட்டாரப் போக்குவரத்து ஆபீஸில் விசாரிப்பது உசிதம்.

கூரை தட்டையான இரும்பாகவும் கனத்தைத் தாங்குவதாகவும் இருந்தால், வளையும் தகட்டின் மேல் மோகம் கொள்ளாமல் கண்ணாடித் தகட்டையே வைக்கவேண்டும் என்பது நமது அபிப்பிராயம். மேல்நோக்கித் திறக்கிற இலேசான கூரை, வளைந்த பைபர் கூரை, படகின் மேல்தட்டு இவைதான் வளையும் தகட்டுக்கு நியாயமான இடங்கள். அங்கேயும் என்றைக்கேனும் அதைக் கழற்ற வேண்டி வரும் என்பதை முதல் நாளே நினைத்துச் செய்வது நலம். கூரையோடு அப்பிய தகட்டை எடுப்பதற்கு, மெல்லிய எஃகுக் கம்பியைத் தகட்டின் அடியில் செலுத்தி, இரண்டு பேர் இரு புறமும் நின்று ரம்பம் இழுப்பது போல் இழுக்கவேண்டும். பசையோடு வர்ணமும் பெயர்ந்து வரும். மிச்சப் பசையைச் சுரண்ட இன்னும் அரை நாள். பலகையில் ஒட்டி, பலகையின் ஓரங்களைப் பட்டைகளுக்குள் செருகித் திருகியிருந்தால், நாலு திருகாணியைக் கழற்றிப் பலகையோடு கீழே இறக்கிவிடலாம். புதுத் தகட்டை ஒட்டிய வேறு பலகையை ஏற்ற, காப்பி ஆறுகிற நேரந்தான் பிடிக்கும்.